லேசான ரெக்கெட்டுக்கு எங்க கனம் ஏத்துறது?

ஹட்டன் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணே, செகண்ட் ஹேண்ட்ல ஒரு 270 கிராம் டென்னிஸ் ரெக்கெட் வாங்கினேன். மெதுவா ஆடுறவங்களோட பிரச்சினை இல்ல, பலமா அடிக்கிறவங்க பந்து வந்தா ரெக்கெட் கையிலயே திரும்பிருது. ஈயம் ஒட்டுன்னு சொல்றாங்க. எங்க ஒட்டுறது, எவ்வளவு ஒட்டுறது? அளந்து பாக்க மெஷின் ஒன்னும் இங்க இல்ல."

மெஷின் தேவையில்ல தம்பி. கவ்வாத்து வெட்டுறவங்கள பாத்திருப்பீங்க, புது கத்தி குடுத்தா யாரும் தராசுல வெக்கிறதில்ல, ரெண்டு வீச்சு வீசிட்டு "இது வேணாம், அத குடு"ன்னுருவாங்க. ரெக்கெட்டும் அப்படித்தான். சும்மா புடிச்சு தூக்கி பாக்கிறப்ப தெரியிற கனம் வேற, வீசுறப்ப தெரியிற கனம் வேற, கடையில நாமெல்லாம் ஏமாந்து போறது இந்த எடத்துலதான்.

மொதல்ல ஒன்னு. ஃப்ரேம்ல போட்டிருக்க 270 பெரும்பாலும் நரம்பு கட்டாத கனம். நரம்பு ஒரு 15, 16 கிராம், பிடி மேல சுத்துற ஓவர்கிரிப் ஒரு 5 கிராம், ஆக உங்க கையில இப்பவே 290 கிட்ட இருக்கும். நகைக்கடையில கேட்டா ஒரு நிமிஷத்துல நிறுத்து குடுப்பாங்க, சிரிப்பாங்க, பரவால்ல. அப்புறம் மேசையில ஒரு பென்சில படுக்க வெச்சு அதுமேல ரெக்கெட்ட குறுக்க வெச்சு ரெண்டு பக்கமும் சாயாம நிக்கிற எடத்த குறிச்சுக்கங்க, பிடியோட அடியில இருந்து அது எத்தன சென்டிமீட்டர்னு அளங்க. சாதாரண 27 இஞ்சி ரெக்கெட்டுக்கு நடு 34.3. அதுக்கு மேல போனா தலை கனம், கீழ இருந்தா பிடி கனம். இந்த ரெண்டு நம்பரையும் எழுதி வெச்சுக்கங்க, நாளைக்கு எல்லாத்தையும் கழட்டணும்னா திரும்பி வர வழி வேணும்ல.

இப்ப உங்க வியாதி. கையில திரும்புதுன்னா பந்து நடுவுல படாம ஓரத்துல படுது, அந்த முறுக்க தாங்க பக்கவாட்டுல கனம் இல்ல. அதனால தலை வட்டத்த ஒரு மணிக்கூடா நெனச்சுக்கிட்டு 3 மணிக்கும் 9 மணிக்கும் ஒட்டுங்க. கால் இஞ்சி அகல ஈய டேப்புல 10 சென்டிமீட்டர் கிட்டத்தட்ட 1 கிராம் வரும், பக்கத்துக்கு ரெண்டு துண்டு, மொத்தம் 4 கிராம், போதும். ஃப்ரேமோட உள்பக்கத்துல, நரம்ப ஒட்டி போடுங்க, வெளிய போட்டா தாழ்ந்த பந்த எடுக்கிறப்ப தரையில தேஞ்சு பிஞ்சுரும். மேல கருப்பு இன்சுலேஷன் டேப் சுத்திருங்க, ஈயத்த தொட்ட கைய சோப்பு போட்டு கழுவுங்க, சின்ன புள்ளைங்க கையில குடுக்காதீங்க.

12 மணிக்கு, அதாவது உச்சியில, ஒட்ட சொல்றவங்களும் இருக்காங்க. பந்துக்கு வேகம் வரும் உண்மைதான், ஆனா கனத்தோட தாக்கம் கையில இருந்து இருக்கிற தூரத்தோட வர்க்கத்துல ஏறும், தூரம் ரெண்டு மடங்கானா தாக்கம் நாலு மடங்கு. அதனால உச்சியில ஒட்டுற 1 கிராம், பக்கவாட்டுல ஒட்டுற 1 கிராம விட வீச்சுல ஒன்னேமுக்கால் மடங்கு கனமா தெரியும். ரெண்டாவது செட்ல தோள் பேசும்.

இனி எல்லாரும் குழம்புற எடம். பக்கவாட்டுல 4 கிராம் போட்டதும் சமநிலை ஒரு 2.5 மில்லிமீட்டர் தலைப்பக்கம் போகும், அத பாத்துட்டு பிடியில 3, 4 கிராம் போட்டு பழைய எடத்துக்கே கொண்டு வருவாங்க, கொண்டு வந்துட்டு "இப்ப பழையபடி லேசாயிருச்சு"ன்னு நெனப்பாங்க. ஆகல. பென்சில் மேல பழைய எடத்துல நிக்கும், அவ்வளவுதான், வீசுற கனம் ஏறினது ஏறினதுதான், பிடியில போட்டது அதுல ஒரு துளியும் கொறைக்காது. ஆனா பிரயோஜனம் இல்லன்னு சொல்ல வரல, ரெக்கெட் கைக்குள்ள அடங்கின மாதிரி இருக்கும், வலைகிட்ட டக்குனு திருப்ப சுகமா இருக்கும். பழைய அமெரிக்க டென்னிஸ் சாம்பியன் பீட் சாம்ப்ராஸ் ஈயம் ஒட்டி நல்ல கனமா வெச்சுத்தான் ஆடினாரு, ஆனா அவர் தோள் அவருக்கு, நம்ம தோள் நமக்கு.

ஈய டேப் ஊர்ல கெடைக்கலன்னா டயர் கடையில வீல் பேலன்ஸுக்கு ஒட்டுற 5 கிராம் துண்டு இருக்கும், அது பிடியோட அடி மூடிக்குள்ள பஞ்சு வெச்சு அடைக்க நல்லது, ஆடாம இறுக்கமா அடைக்கணும் இல்லன்னா ஒவ்வொரு அடிக்கும் கிலுகிலுப்ப மாதிரி சத்தம் வரும். தலைக்கு அத போடாதீங்க, பறந்தா யார் கண்ணுலயாவது பட்டுரும்.

சோதிக்கிறதுக்கு ஒரு தந்திரம். தம்பியோ தங்கச்சியோ இருந்தா அவங்கள ஒட்ட சொல்லுங்க, ரெண்டு பக்கமும் கருப்பு டேப் எப்பவும் இருக்கட்டும், உள்ள ஈயம் இருக்கா இல்லையான்னு உங்களுக்கு தெரிய வேணாம். மூனு நாள் ஆடுங்க, ஒவ்வொரு நாளும் கடைசி அரை மணித்தியாலம் எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க, ஏன்னா மொத பத்து நிமிஷத்துல எந்த கனமும் நல்லாத்தான் இருக்கும். பந்துக்கு லேட்டா போறீங்கன்னா கனம் கூட. முழங்கை வலிச்சா எல்லாத்தையும் நிறுத்திட்டு மொதல்ல ரெக்கெட் நரம்போட இறுக்கத்த பாருங்க.

மலையில ஆடுறவங்களுக்கு இன்னொன்னு. 1219 மீட்டருக்கு மேல இருக்கிற கோர்ட்டுக்கு சர்வதேச டென்னிஸ் விதியிலயே தனியா பந்து இருக்கு, நுவரெலியா 1868 மீட்டர், காத்து அடர்த்தி கொறைவு, சாதாரண பந்து அங்க நீளமா பறக்கும். அங்க போய் ஆடுறப்ப பந்து வெளிய போகுதுன்னா ஈயத்த கழட்டாதீங்க, நரம்ப ரெண்டு மூனு பவுண்ட் இறுக்கி பாருங்க. அதே ரெக்கெட்ட கீழ இருக்கிற கண்டிக்கு கொண்டு போனா பந்து உள்ள விழும், அத வெச்சு இன்னும் ஈயம் ஏத்திராதீங்க. ஜனவரி காலையில பனி விழுந்த நேரத்துலயும் சோதிக்காதீங்க, வெரலு மரத்து போயிருக்கும், கனமும் தெரியாது ஒன்னும் தெரியாது. 4 கிராம்ல இருந்து கூட்டணும்னா பக்கத்துக்கு அரை கிராம் அரை கிராமா கூட்டுங்க, கூட்டுறப்பல்லாம் அந்த டேப் மேலயே பேனாவால கிராமயும் திகதியயும் எழுதிருங்க.