டிரான்ஸ்மிட்டர் பவர்: பிரிக்க, சேர்க்க, அளக்க, காக்க – கேள்வி பதில்

ஒரு டிரைவரிலிருந்து (முந்தைய நிலை ஆம்ப்ளிஃபயர்) இரண்டு ஆம்ப்ளிஃபயருக்கு டி கனெக்டர் போட்டுப் பிரித்தால் என்ன?

இரண்டு 50 ஓம் பேரலலாகச் சேர்ந்தால் 25 ஓம். டிரைவர் பார்ப்பது எஸ்டபிள்யூஆர் (லோடு எவ்வளவு பொருந்தவில்லை என்பதன் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 2. அதைவிடத் தொல்லை, ஒரு ஆம்ப்ளிஃபயரில் ஏற்படும் மாற்றம் மற்றதையும் ஆட்டிவைக்கும். ஒன்று மற்றதைப் பாதிக்காமல் பிரிக்கும் வில்கின்சன் டிவைடர் கட்டுங்கள்: கால் அலைநீளத்தில் 70.7 ஓம் லைன் இரண்டு, வெளிமுனைகளுக்கு நடுவே 100 ஓம் ரெசிஸ்டர். 145 மெகாஹெர்ட்ஸில், வேகக் காரணி (ஒளி வேகத்தில் எவ்வளவு பங்கு வேகத்தில் அலை கேபிளுக்குள் போகிறது என்பது) 0.66 உள்ள கேபிள் என்றால் ஒவ்வொன்றும் சுமார் 34 செ.மீ. 75 ஓம் கோஆக்ஸே போதும், எஸ்டபிள்யூஆர் 1.13தான் வரும். ரெசிஸ்டர் மட்டும் கம்பி சுற்றிய வகையாக இருக்கக் கூடாது.

அந்த 34 செ.மீ. எதிலிருந்து எதுவரை?

ஷீல்டு மூடியிருக்கும் நீளம். வெளியே நீட்டும் நடுக்கம்பியை முடிந்தவரை குட்டையாக வையுங்கள்.

500 வாட் ஆம்ப்ளிஃபயர் இரண்டை ஹைபிரிட் கம்பைனரில் (இரண்டின் பவரை ஒன்றாக்கும் சர்க்யூட்) சேர்த்திருக்கிறேன். ஒன்று நின்றுபோனது. மிச்சம் 500 வாட் வரவேண்டாமா? 250தான் வருகிறது.

கம்பைனர் சரியாகத்தான் இருக்கிறது. துணை இல்லாமல் வரும் 500 வாட்டை அது இரண்டாகப் பிரித்து, 250 ஆன்டெனாவுக்கும் 250 டம்மி லோடுக்கும் (பவரை வெப்பமாக்கிவிடும் ரெசிஸ்டர்) அனுப்புகிறது. 1000 இருந்த இடத்தில் 250. 6 டெசிபல் இறக்கம். சாதாரண நாளில் குளிர்ந்தே கிடக்கிறதே என்று அந்த லோடைச் சின்னதாகப் போடுபவர்கள் அதிகம். ஒரு பக்கம் நின்ற அன்றே அது எரியும், பிறகு மற்ற ஆம்ப்ளிஃபயருக்கும் ஆபத்து. 250 வாட்டைத் தொடர்ந்து தாங்கும் லோடு போட்டு, அதன் மேல் வெப்ப ஸ்விட்ச் ஒன்றும் வையுங்கள்.

இரண்டும் ஓடும்போதே லோடு சுடுகிறதா? முதலில் ஃபேஸைப் பாருங்கள். ஒன்று 500, மற்றது 400 வாட் கொடுத்தாலும் லோடில் போவது 3 வாட்டுக்கும் குறைவு. ஃபேஸ் 30 டிகிரி விலகினாலோ 1000 வாட்டில் 67 வாட் போய்விடும். 100 மெகாஹெர்ட்ஸில் 0.66 கேபிளுக்கு அது வெறும் 16.5 செ.மீ. நீள வித்தியாசம்.

வேறு வேறு அலைவரிசை டிரான்ஸ்மிட்டர்களை இதே ஹைபிரிட்டில் சேர்க்கலாமா?

சேரும், ஆனால் ஒவ்வொன்றிலும் பாதி டம்மி லோடில் சூடாகும். அலைவரிசைகளுக்கு இடையே போதிய இடைவெளி இருந்தால் ஒவ்வொரு அலைவரிசையையும் தனித்தனியாக விடும் கேவிட்டி ஃபில்டர் கம்பைனர்தான் சரி.

1000 வாட்டில், நல்ல டம்மி லோடிலும் கப்ளர் (போகும் பவரையும் திரும்பும் பவரையும் தனித்தனியாக அளக்க உதவுவது) 10 வாட் ரிவர்ஸ் காட்டுகிறது. ஏன்?

கப்ளரின் டைரக்டிவிட்டி (இரு திசைகளையும் பிரித்துக் காட்டும் திறன்) 20 டெசிபல்தான் என்றால், ஃபார்வர்டில் 1 சதவீதம் ரிவர்ஸ் பக்கம் கசியும். அந்த 10 வாட் இதுதான். அதே கப்ளரை வைத்து ஆன்டெனாவை அளந்தால், உண்மையில் 10 வாட் திரும்பும்போது, இரண்டும் சேரும் ஃபேஸைப் பொறுத்து 0 முதல் 40 வாட் வரை எதையும் காட்டலாம். கப்ளருக்குள் இருக்கும் டெர்மினேஷன் ரெசிஸ்டர் 50 ஓமிலிருந்து நகர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டைரக்டிவிட்டி 30 டெசிபலுக்குக் குறைந்த கப்ளரை நம்பி டிரிப் (தானாக நிறுத்தும் பாதுகாப்பு) வைக்காதீர்கள். கப்ளரின் இடம் லோ-பாஸ் ஃபில்டருக்குப் பிறகு. இல்லையென்றால் ஹார்மோனிக்கும் (அலைவரிசையின் மடங்குகளில் வரும் வேண்டாத சிக்னல்) சேர்ந்து மீட்டரில் ஏறும்.

டிரிப் எந்த அளவில் வைப்பது?

திரும்பி வருவது எஸ்டபிள்யூஆர் 1.5இல் 4 சதவீதம், 2இல் 11, 3இல் 25. என் பரிந்துரை: 1.5 தாண்டினால் டிரைவைக் குறைப்பது, 3இல் நிறுத்துவது. நிறுத்தும் வேலையை மைக்ரோகண்ட்ரோலரின் மென்பொருளிடம் விடாதீர்கள்; கம்பேரேட்டர் (மின்னழுத்தத்தை ஒரு எல்லையோடு ஒப்பிடும் சர்க்யூட்) நேரடியாக பயஸை (ஆம்ப்ளிஃபயரை இயக்கத்தில் வைக்கும் மின்னழுத்தம்) வெட்டட்டும். மூன்று முறை முயன்றும் டிரிப் ஆனால், ஆள் வந்து ரீசெட் செய்யும்வரை பூட்டிவிடுங்கள்.

சர்க்குலேட்டர் (திரும்பும் பவரை வேறு முனைக்குத் திருப்பிவிடும் ஃபெரைட் சாதனம்) இருந்தால் இதெல்லாம் வேண்டாம்தானே?

வேண்டும். ஆன்டெனா அறுந்தால் முழு பவரும் சர்க்குலேட்டரின் மூன்றாவது முனையில் உள்ள லோடுக்குத்தான் போகும். ஃபெரைட்டே ஹார்மோனிக் உண்டாக்கும் என்பதால் லோ-பாஸ் ஃபில்டர் அதற்குப் பின்னால் வரட்டும்.

ஆன்டெனா கனெக்டர் கழன்றிருந்தும் கீழே எஸ்டபிள்யூஆர் 3தான் காட்டியது. எப்படி?

கேபிளில் 3 டெசிபல் இழப்பு இருந்தால் அப்படித்தான். போகும்போது பாதி, திரும்பும்போது பாதி. மீட்டருக்கு வந்து சேர்வது கால்வாசி. எந்த வேலையும் செய்யாமலே எஸ்டபிள்யூஆர் நன்றாகிவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், கேபிளுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.