உண்ணிக் காய்ச்சல் ஏன் திரும்பி வருகிறது?
நாய் வளர்ப்போர் கேள்வி – பதில்

எங்கள் நாட்டு நாய்க்கு 4 வயது, எடை 18 கிலோ. போன மாதம் உண்ணிக் காய்ச்சல் என்று டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பத்தே நாளில் பழையபடி துள்ள ஆரம்பித்ததால் நிறுத்திவிட்டோம். இப்போது மறுபடியும் சாப்பாட்டைத் தொடுவதில்லை. நேற்று மூக்கில் ரத்தம் வந்தது. கோளாறு மருந்திலா, டாக்டரிடமா?
— வாசகர், திருநெல்வேலி

இரண்டிலும் இல்லை. 28 நாள் கொடுக்க வேண்டிய கணக்கில் 18 நாள் குறைகிறது, அவ்வளவுதான். ஆனால் மூக்கில் ரத்தம் வந்துவிட்டது என்பதால் இதைப் படித்து முடித்ததும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

உண்ணிக் காய்ச்சலைக் கொடுக்கும் எர்லிக்கியா கிருமி ரத்தத்தின் வெள்ளை அணுக்களுக்குள்ளேயே குடியிருப்பது. மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டு, நாய் வாலாட்டிக்கொண்டு தட்டைத் தேடி வந்துவிடும். அதை வைத்து நோய் போய்விட்டதாக நினைத்துவிடுகிறோம். மண்ணீரலில் ஒளிந்திருக்கும் மிச்சக் கிருமி மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, பிறகு எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடும். அந்தக் கட்டத்துக்குப் போன நாயை மீட்பது கடினம்.

அதனால்தான் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 மி.கி. வீதம் 28 நாள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 18 கிலோ நாய்க்கு 180 மி.கி. ஆகிறது. 100 மி.கி. மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று எழுதினால் அது சரியான அளவுதான். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாகும். நாலு கவளம் சோறு போன பிறகு மாத்திரை, அதன் பின்னால் இன்னும் ஒரு கவளமோ பத்து மில்லி தண்ணீரோ கொடுத்து உள்ளே தள்ளிவிட வேண்டும். கொடுத்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக ஒரு நாளைத் தாண்டிப் போகாதீர்கள்.

மருத்துவமனையில் முதலில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை எண்ணச் சொல்வார்கள். ஆரோக்கியமான நாய்க்கு அது 2 லட்சத்துக்கு மேல் இருக்கும். இயந்திரம் மிகக் குறைவாகக் காட்டினால், கண்ணாடித் துண்டில் ரத்தம் தேய்த்து ஒரு தடவை நுண்ணோக்கியில் பார்த்தார்களா என்று கேளுங்கள். தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டால் இயந்திரம் அவற்றை எண்ணாது. அந்தக் கண்ணாடித் துண்டிலேயே பபேசியாவும் தெரியக்கூடும். பபேசியா சிவப்பணுக்களை உடைக்கிற வேறு கிருமி. அதுவும் உண்ணி வழியாகத்தான் வருகிறது, இரண்டும் சேர்ந்தே இருப்பதுண்டு. அதற்கு டாக்சிசைக்ளின் மட்டும் போதாது, தனி மருந்து வேண்டும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ ஈறு வெளுத்திருந்தாலோ அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

28 நாள் முடிந்ததும், பட்டையில் ரத்தச் சொட்டு விட்டுப் பார்க்கும் பரிசோதனையை மறுபடி செய்து, “இன்னும் பாசிட்டிவ்” என்று அலறுகிறவர்கள் நிறைய. அது பார்ப்பது எதிர்ப்புப் புரதத்தை. கிருமி போன பிறகும் பல மாதம் அது ரத்தத்தில் இருக்கும். குணமானதா என்று அறியத் தட்டணு எண்ணிக்கையைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால், கிருமியின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனை செய்யலாம்.

இத்தனைக்குப் பிறகும் வீட்டில் உண்ணி இருந்தால் எல்லாம் வீண். நாய் மேல் நீங்கள் பார்ப்பது கொஞ்சம்தான். மீதி சுவர் விரிசலிலும் கதவு நிலைக்குப் பின்னாலும் கட்டில் காலடியிலும் இருக்கும். பயறுபோல ஊதிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவரேறி, ஓர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நசுக்காதீர்கள். முடி பிடுங்கும் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மண்ணெண்ணெய் தடவுவதும் தீக்குச்சியால் சுடுவதும் நாயின் தோலைத்தான் புண்ணாக்கும். விரிசல்களை சிமென்ட்டால் அடையுங்கள். உண்ணியைக் கொல்லும் ஃப்ளூரலேனர் மாத்திரை ஒன்று சுமார் 12 வாரம் காக்கும், அஃபாக்சோலேனர் ஒரு மாதம். வலிப்பு வந்த நாயென்றால் இவற்றைக் கொடுக்கும்முன் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

குட்டிக்கு உடம்பு சுட்டது. தெர்மாமீட்டர் 101.8 காட்டியது. வீட்டில் இருந்த பாராசிட்டமால் சிரப் கொடுக்கலாமா?
— வாசகி, ஈரோடு

கொடுக்கக் கூடாது. அது காய்ச்சலும் இல்லை. நாயின் இயல்பான சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். மனிதக் கணக்கு இங்கே செல்லாது. மூக்கைத் தொட்டுப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் ஓர் அங்குலம் வைத்துப் பாருங்கள். 103-ஐத் தாண்டினால் டாக்டர். 105, 106 என்றால் உடனே. வெயிலில் நின்று அப்படி ஏறியிருந்தால் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, மின்விசிறிக் காற்றில் வைத்து, அப்படியே கொண்டு போங்கள்.

பாராசிட்டமால் நாயின் ஈரலைக் கெடுக்கும். சிவப்பணுக்கள் ஆக்சிஜன் சுமக்கும் திறனையும் பறிக்கும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் இரண்டும் வயிற்றில் புண்ணாக்கி சிறுநீரகத்தை அடிக்கும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு என்று எழுதி, பாட்டிலையும் எடுத்துப் போங்கள். பாராசிட்டமாலுக்கு மாற்று மருந்து உண்டு. சீக்கிரம் போனால்தான் பலன்.

இரண்டு தடுப்பூசி போட்ட லாப்ரடார் குட்டி பார்வோவில் போய்விட்டது. ஊசி போலியா?
— வாசகர், சேலம்

போலியாக இருக்கத் தேவையில்லை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி, தடுப்பூசியையும் சேர்த்தே அழித்துவிடும். அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுகிறது. ஆகவே 6–8 வாரத்தில் தொடங்கி, 3–4 வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டு, கடைசி ஊசி 16 வாரம் நிறைந்த பிறகு விழ வேண்டும். உங்கள் குட்டிக்கு இரண்டாவது ஊசி 10 வாரத்தில் முடிந்திருந்தால் பாதுகாப்பு பாதிதான். சின்ன ஜாதி என்று பாதி ஊசி போடுவதும் தப்பு. பொமரேனியனுக்கும் கிரேட் டேனுக்கும் அளவு ஒன்றுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகப்படலாம். தடுப்பூசி 2–8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். மெடிக்கலில் வாங்கி, ஐஸ் இல்லாமல் பைக் பெட்டியில் போட்டு வெயிலில் கொண்டுவந்த ஊசியை நம்ப முடியாது. புட்டியின் ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டித் தருகிறார்களா என்று பாருங்கள்.

அடுத்த குட்டி வாங்க அவசரப்படாதீர்கள். இந்த வைரஸ் நிழலான மண்ணில் ஓராண்டு வரைகூட உயிரோடு இருக்கும். பினாயில் இதைத் தொடாது. அழுக்கை முழுக்கக் கழுவிவிட்டு, 1 பங்கு பிளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து தரையில் ஊற்றி, 10 நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். மண் தரையை இப்படிச் சுத்தம் செய்ய முடியாது. தடுப்பூசி முழுவதும் முடித்த நாயையே அங்கே விடுங்கள்.

7 வயதுப் பெண் நாய். பருவத்துக்கு வந்து போய் ஆறு வாரம் ஆகிறது. குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது, வயிறு உப்பியிருக்கிறது. ஸ்கேன் பார்த்த டாக்டர் இன்றே ஆபரேஷன் என்கிறார். மாத்திரையில் ஆறாதா? பணம் பறிக்கிறார்களோ என்று தோன்றுகிறது.
— வாசகி, தஞ்சாவூர்

நீங்கள் எழுதியிருப்பதில் இருக்கிற எல்லா அடையாளமும் கருப்பையில் சீழ் கட்டியிருப்பதைத்தான் காட்டுகிறது. டாக்டர் சொன்னது நியாயம். பருவம் முடிந்ததும் ஹார்மோன் மாற்றத்தால் கருப்பை வாய் மூடிக்கொள்ளும். உள்ளே புகுந்த கிருமி பெருகிச் சீழாகும். அதன் நச்சு சிறுநீரகத்தைத் தாக்குவதால்தான் இந்தத் தாகம். வெளியே சீழ் வடிந்தால் வீட்டில் கண்டுபிடித்துவிடுவோம். வடியாத வகைதான் கருப்பை வெடிக்கும் ஆபத்து உள்ளது. டிரிப்ஸ் ஏற்றி, ஆன்டிபயாடிக் கொடுத்து, நிலை சற்றுத் தேறியதும் கருப்பையை எடுத்துவிடுவதே வழி. தையல் பிரிக்கும் வரை, அதாவது 10–14 நாள், கழுத்தில் பிளாஸ்டிக் புனல் இருக்கட்டும். ‘பாவமா இருக்கு’ என்று கழற்றிவிட்ட ஒரே ராத்திரியில் தையலைக் கடித்துப் பிரிக்கும்.

ஒவ்வொரு முறையும் ஊசி போட்டு அனுப்புகிறார்கள், என்ன ஊசி என்று எழுதித் தருவதில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ?
— வாசகர், மதுரை

கேளுங்கள். “டாக்டர், மருந்து பேரை மட்டும் எழுதிக் குடுத்துருங்க, வேற ஊருக்குப் போனா காட்டணும்” என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். எழுதவில்லையா, காலிப் புட்டியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஸ்டீராய்டு போட்டது தெரியாமல், அடுத்த நாள் வேறு இடத்தில் மெலாக்ஸிகாம் வலி ஊசி போட்டால், இரண்டும் சேர்ந்து வயிற்றிலும் குடலிலும் ரத்தக்கசிவு வரலாம். வாந்தியில் காப்பித்தூள் மாதிரி வருவது அந்த ரத்தம்தான்.

சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை போன்ற பெரிய இடங்களுக்குப் போகும்போது பழைய சீட்டு, ரத்த ரிப்போர்ட், அன்றைய எடை மூன்றும் கையில் இருக்கட்டும். பேதி என்றால் அன்று காலை மலம் ஒரு சிறிய டப்பாவில். இருமலோ வலிப்போ என்றால் செல்போனில் எடுத்த வீடியோ. டாக்டர் மேஜைக்கு ஏறியதும் பயத்தில் நாய் இருமலை மறந்துவிடும்.