பேனிகுலைட்டிஸ் என்றால் என்ன? தோலுக்கடியில் வரும் இந்தக் கொழுப்பு அழற்சி குணமாகுமா?

அக்காவுக்குக் கையிலும் தொடையிலும் வலியுள்ள கட்டிகள், விட்டுவிட்டுக் காய்ச்சல். பயாப்ஸி (திசுத் துண்டு எடுத்துப் பார்க்கும் சோதனை) அறிக்கையில் 'பேனிகுலைட்டிஸ்' என்றும் மருத்துவர் சீட்டில் 'வெபர் கிறிஸ்டியன் நோய்' என்றும் இருக்கிறது. இது என்ன, தீருமா, புற்றுநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. ஏழு வருடமாக இந்த நோயோடு இருக்கும் ஒரு நோயாளி. எனக்கு நடந்ததையும், மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேனிகுலைட்டிஸ் என்பது முழு நோய்ப்பெயர் இல்லை. தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் அழற்சி இருக்கிறது என்று மட்டும்தான் அந்தச் சொல் சொல்கிறது. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் டைஃபாய்டா, மலேரியாவா, டெங்குவா என்று அடுத்த கேள்வி கேட்போம் இல்லையா? இங்கும் அதே கேள்வி உண்டு: எந்த பேனிகுலைட்டிஸ், எதனால்? அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமலே நான் ஒன்றரை வருடம் மாத்திரை விழுங்கினேன். உங்கள் அக்காவுக்கு அது நடக்கக் கூடாது.

தோலுக்கடியில் உள்ள கொழுப்பை ஒரு பஞ்சு மெத்தையாக நினைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு அடைத்த சின்னச் சின்ன அறைகள், அவற்றைப் பிரிக்கும் தையல் வரிகள். அறைகள் கொழுப்பு செல்களின் தொகுதிகள். தையல் வரிகள் நார்த்திசு; ரத்தக்குழாய்கள் அதன் வழியாகத்தான் ஓடுகின்றன. நோயியல் மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் முதலில் பார்ப்பது, கோளாறு பெரும்பாலும் தையலில் இருக்கிறதா, பஞ்சில் இருக்கிறதா என்று. அடுத்து, ரத்தக்குழாய்ச் சுவரும் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று. இந்த இரண்டு கேள்வியிலேயே பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

தையலில் வருவதில் அதிகம் காணப்படுவது எரித்திமா நோடோசம். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம், இரண்டு காலிலும் சிவந்த, தொட்டால் உயிர் போகும் கட்டிகள். தொண்டைத் தொற்று, காசநோய், சார்காய்டோசிஸ் (உறுப்புகளில் சிறு அழற்சி முடிச்சுகள் வரும் நோய்), குடல் அழற்சி, கர்ப்பம், சில மாத்திரைகள் என்று பல காரணங்களால் தூண்டப்படும். அடிபட்ட இடம் போலப் பச்சையும் மஞ்சளுமாக நிறம் மாறி, பெரும்பாலும் சில வாரங்களில் தழும்பில்லாமல் அடங்கிவிடும். உங்கள் அக்காவுக்குக் கையிலும் தொடையிலும் என்கிறீர்கள். அதனால் மற்ற வகைகளைத்தான் கவனமாகத் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எனக்கும் மேற்கையில்தான் ஆரம்பித்தது. குளிக்கும்போது சோப்பு போடும் விரலுக்கு ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. மேலே தோல் சாதாரணமாக இருந்தது. அடியில் கூழாங்கல் புதைந்த மாதிரி. ஒரு மாதத்தில் மூன்றானது. ஒரு மருத்துவமனையில் சீழ்க்கட்டி என்று கீறினார்கள். சீழ் வரவில்லை, ரத்தமும் கொஞ்சம் எண்ணெய் மாதிரி ஒன்றும்தான் வந்தது. அந்தப் புண் ஆற இரண்டு மாதம் ஆனது, பக்கத்திலேயே இன்னொரு கட்டியும் முளைத்தது. சில வகைகளில் அடிபட்ட, கீறிய இடத்திலேயே நோய் புதிதாகக் கிளம்பும் என்று பிறகுதான் தெரிந்தது. சீழ் என்று உறுதியாகாமல் இந்தக் கட்டிகளைக் கீறவோ பிதுக்கவோ யாரையும் விடாதீர்கள்.

அடுத்தது பயாப்ஸி. பேனா முனை அளவுக் குழாயால் ஒரு துண்டு எடுத்தார்கள். 'தோல் இயல்பாக உள்ளது, கொழுப்புத் திசு போதுமான அளவு இல்லை' என்று அறிக்கை வந்தது. நோய் இருந்தது அடித்தளத்தில், எடுத்தது மேல்மாடியில். அந்த அறிக்கையைப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து வேறொரு தோல் மருத்துவர் கத்தியால் நீளவாக்கில் ஆழமாக வெட்டி, தசை உறை வரைக்கும் உள்ள கொழுப்போடு சேர்த்து எடுத்தார். ஐந்து தையல். அதில் ஒரு பகுதியைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்பினார், காசநோய்க் கிருமியும் பூஞ்சையும் இருக்கிறதா என்று பார்க்க. பதில் அதில்தான் கிடைத்தது: லூபஸ் பேனிகுலைட்டிஸ். உடலின் எதிர்ப்பு சக்தியே கொழுப்பைத் தாக்கும் வகை. மேற்கை, தொடை, முகம், பிட்டம் இதன் வழக்கமான இடங்கள்.

இப்போது 'வெபர் கிறிஸ்டியன்' பற்றி. 1925இல் லண்டனில் பார்க்ஸ் வெபர், திரும்பத் திரும்ப வரும் சீழில்லாத கொழுப்பு அழற்சியை விவரித்தார். 1928இல் அமெரிக்காவில் ஹென்றி கிறிஸ்டியன், காய்ச்சலும் கூட வருவதை வலியுறுத்தினார். அப்படி வந்த பெயர். அன்று காரணம் தேடக் கருவிகள் குறைவு. அதனால் காரணம் தெரியாததெல்லாம் இந்தப் பெயருக்குள் போய் விழுந்தது. 1998இல் வைட், விங்கல்மன் என்ற இரண்டு தோல் மருத்துவர்கள், இந்தப் பெயர் சூட்டப்பட்ட 30 பேரின் கோப்புகளை எடுத்து மறுபடி பார்த்தார்கள். எல்லோருக்கும் வேறு தெளிவான நோய்ப்பெயர் கொடுக்க முடிந்தது. அதனால் இன்று பலர் இந்தப் பெயரையே தவிர்க்கிறார்கள். சீட்டில் அது இருந்தால் 'காரணம் இன்னும் கிடைக்கவில்லை' என்றே படியுங்கள். எழுதிய மருத்துவர் மேல் கோபப்பட வேண்டாம். ஆனால் அதோடு தேடல் நின்றுவிடவும் வேண்டாம்.

தேட வேண்டியவற்றில் தவறவிடக் கூடாதவை என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்று ஒரு புரதம். கல்லீரலில் உருவாகிறது, வெள்ளையணுக்கள் விடும் எலாஸ்டேஸ் என்ற நொதி நம் திசுக்களையே கரைத்துவிடாமல் தடுப்பது அதன் வேலை. பிறவியிலேயே அது குறைவாக இருப்பவர்கள் சிலருக்குக் கட்டிகள் உடைந்து எண்ணெய் போன்ற திரவம் ஒழுகும். ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். இருந்தால் நுரையீரலையும் கல்லீரலையும் பார்க்க வேண்டும், குடும்பத்தாருக்கும் சோதிக்க வேண்டும், புகை பக்கமே போகக் கூடாது. எனக்கும் கீறியபோது எண்ணெய் வந்ததால் இதைத்தான் முதலில் சந்தேகித்தார்கள். அளவு சரியாக இருந்தது. அடுத்து கணையம். அதிலிருந்து கசியும் லைபேஸ் நொதி ரத்தத்தில் கலந்து, எங்கோ காலில் உள்ள கொழுப்பைக் கரைக்கும்; மூட்டும் வலிக்கும், சில சமயம் வயிறு வலிக்கவே வலிக்காது. கெண்டைக்காலில் கட்டி வந்து புண்ணாகிறது என்றால் காசநோயோடு தொடர்புள்ள பாசின் வகையா என்று பார்ப்பார்கள்.

புற்றுநோயா என்ற கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலான பேனிகுலைட்டிஸ் புற்றுநோய் இல்லை. ஆனால் கொழுப்பிலேயே தங்கும் அரிய டி-செல் லிம்போமா (வெள்ளையணுக்களில் ஒரு வகையில் வரும் புற்றுநோய்) ஒன்று உண்டு. அது பார்வைக்கும் சில சமயம் மைக்ராஸ்கோப்பிலும் லூபஸ் வகை மாதிரியே இருக்கும். அந்த லிம்போமா வந்த பலருக்கு, டிம்-3 என்ற புரதத்துக்கான மரபணுவில் பிறவி மாற்றம் இருப்பது 2018இல் தெரியவந்தது. அக்காவுக்குக் காய்ச்சல் இருப்பதால் இதைக் கட்டாயம் கேளுங்கள். லிம்போமாவைப் பிரித்தறியும் சிறப்புச் சாயப் பரிசோதனை செய்தார்களா, ரத்த அணுக்கள் குறைகின்றனவா, ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) ரத்தத்தில் எவ்வளவு என்று. தொடர் காய்ச்சலோடு அணுக்கள் குறைந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும்.

சிகிச்சை முழுக்க காரணத்தைப் பொறுத்தது. தொற்றென்றால் கிருமிக்கு மருந்து. அந்த நிலையில் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் கிருமிக்குத்தான் வசதி. எனக்கு லூபஸுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை. மெதுவாகத்தான் வேலை செய்யும். மூன்றாவது மாதத்தில்தான் புதுக் கட்டி வருவது நின்றது. அது கண்ணைப் பாதிக்கலாம் என்பதால் கண் பரிசோதனை தவறாமல் செய்கிறேன். ஆன்டிட்ரிப்சின் குறைவுக்கு டாப்சோன் கொடுப்பார்கள். அதற்கு முன் ஜி6பிடி என்ற நொதி ரத்தத்தில் குறைவாக இருக்கிறதா என்ற சோதனை அவசியம். ஸ்டீராய்டு ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால் கட்டி கரைந்ததும் தானாக நிறுத்திவிட வேண்டாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

தீருமா என்றால்: எனக்கு மூன்று வருடமாகப் புதிதாக எதுவும் இல்லை. ஆனால் இடது மேற்கையில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன, கட்டைவிரலை வைத்தால் பொருந்துகிற அளவுக்கு. பஞ்சு போன இடம் மெத்தையில் அமுங்கிக் கிடக்கிற மாதிரி. அது திரும்ப நிரம்பவில்லை. பள்ளம் விழும் முன்பே சரியான மருந்து தொடங்கியிருந்தால் என்று இன்றும் வருத்தம் வரும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பயாப்ஸி செய்த ஆய்வகத்தில் அக்காவின் ஸ்லைடுகளையும் திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். தோல் நோயியலில் தனிப் பயிற்சி உள்ள ஒருவரிடம் காட்டி, எடுத்த துண்டில் கொழுப்பு போதுமான அளவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால், புதிதாக வந்த, இன்னும் புண்ணாகாத கட்டியிலிருந்து ஆழமாக எடுக்கச் சொல்லுங்கள். அறிக்கை வந்ததும் இங்கே பின்னூட்டத்தில் எழுதுங்கள். எனக்குத் தெரிந்த வரை படித்துச் சொல்கிறேன்.