ஸ்கிரீன்ஷாட்டை ஒரே கட்டளையில் அச்சிடுவது எப்படி?

கேள்வி: காரிமங்கலம் அருகே ஜெராக்ஸ் கடை வைத்து, ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுத் தருகிறேன். பழைய கணினியில் லினக்ஸ் மின்ட். கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் ஒன்று. பட்டா மாறுதல், வருமானச் சான்று என்று எதற்கு விண்ணப்பித்தாலும் கடைசியில் எண் வரும் திரையை அச்சிட்டுக் கொடுங்கள் என்கிறார்கள். பிரிண்ட் ஸ்கிரீன் அழுத்தி, சேமித்து, திறந்து, பிரிண்ட் கொடுப்பதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிடுகிறது. அச்சும் பொடியாக, சாம்பல் படிந்தது போல வருகிறது. டெர்மினலில் ஒரே கட்டளையில் முடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஒரே விசையில்கூட முடிக்கலாம். ஆனால் உங்கள் கேள்வியில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. வேகத்துக்கான விடை ஒரு வரிதான். பொடியாகவும் சாம்பலாகவும் வருவதற்குத்தான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். அந்தத் தாளோடு தாலுகா அலுவலகத்தில் போய் நிற்பவருக்கு எண் தெளிவாகத் தெரிந்தால்தான் நீங்கள் மிச்சப்படுத்திய நேரத்துக்குப் பொருள்.

முதலில் ஒரு குறிப்பு. கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறோம். இடைவெளி, கோடு, ஒற்றை மேற்கோள் குறி எல்லாம் இங்கே உள்ளபடியே இருக்கட்டும்; கட்டளையைச் சுற்றி நாங்கள் போட்ட இரட்டை மேற்கோள் குறியை மட்டும் தட்ட வேண்டாம். பி என்று வருவதெல்லாம் பேப்பரின் பி. கோட்டுக்குப் பின் தனியே வரும் டி-யும் எக்ஸ்டிஜி-யில் வரும் டி-யும் டெல்லியின் டி, மற்ற டி எல்லாம் டீயின் டி.

திரையைப் பிடிக்க ஸ்க்ராட் என்ற சிறிய நிரல் போதும். எழுத்துக்கூட்டினால் எஸ், சி, ஆர், ஓ, டி. அச்சுக்கு அனுப்புவது எல்பி. எல், பி என்ற இரண்டே எழுத்து. எல்பி உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும். லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸ் அதைக் கூடவே கொண்டுவருகிறது. ஸ்க்ராட்டையும், படத்தைத் திருத்த இமேஜ்மேஜிக்கையும் நிறுவிக்கொள்ளுங்கள்:

சுடோ ஆப்ட் இன்ஸ்டால் ஸ்க்ராட் இமேஜ்மேஜிக்

அடுத்து "எல்பிஸ்டாட் -பி -டி" என்று தட்டினால் பிரிண்டரின் பெயரும், இயல்பாக எந்த பிரிண்டருக்கு வேலை போகும் என்பதும் தெரியும். இயல்பு பிரிண்டர் எதுவும் இல்லை என்று வந்தால், "எல்பிஆப்ஷன்ஸ் -டி" என்று தட்டி, இடைவெளி விட்டு பிரிண்டரின் பெயரைக் கொடுங்கள். கையோடு "எல்பிஆப்ஷன்ஸ் -ஓ மீடியா=ஏ4" என்பதையும் கொடுத்துவிடுங்கள்; ஏ மட்டும் பெரிய எழுத்து. இதை விட்டுவிடுபவர்கள் நிறைய. பல டிரைவர்கள் அமெரிக்க லெட்டர் அளவிலேயே வந்து உட்காரும். அது 216 மி.மீ. அகலம், 279 மி.மீ. உயரம், நம்முடைய ஏ4 தாளோ 210க்கு 297. அளவு பொருந்தாதபோது ஓரம் வெட்டுப்படும், அல்லது தட்டில் தாள் இருந்தும் பிரிண்டர் விளக்கு மின்னிக்கொண்டு தாளுக்காகக் காத்திருக்கும்.

இப்போது நீங்கள் கேட்ட ஒரு வரி:

ஸ்க்ராட் -எஸ் -இ 'எல்பி -ஓ ஃபிட்-டு-பேஜ் $எஃப்'

என்டர் தட்டியதும் சுட்டியால் தேவையான பகுதியைச் சுற்றிக் கட்டம் இழுங்கள். விட்ட மறுநொடி வேலை பிரிண்டருக்குப் போய்விடும். -எஸ் என்பது பகுதியைத் தேர்ந்தெடுக்க. முன்னால் இருக்கும் சன்னல் முழுவதும் வேண்டுமென்றால் அதற்குப் பதில் -யூ. கீழே விரியும் பட்டியலையும் சேர்த்துப் பிடிக்க வேண்டுமென்றால் -யூவோடு -டி 5 சேர்த்தால் ஐந்து நொடி அவகாசம் கிடைக்கும். $எஃப் என்ற இடத்தில் பிடித்த படத்தின் பெயரை ஸ்க்ராட்டே நிரப்பிக்கொள்ளும்.

இந்த வரியில் எல்பி பகுதியைச் சுற்றி இருப்பது ஒற்றை மேற்கோள் குறிதான் என்பதைக் கவனியுங்கள். இரட்டைக் குறி போட்டால், ஸ்க்ராட் கையில் சேரும் முன்பே $எஃப்-ஐ, டெர்மினலில் தட்டுவதை வாங்கி இயக்கும் ஷெல் என்ற நிரல் தானே நிரப்பப் பார்க்கும். அந்தப் பெயரில் அதனிடம் எதுவும் இல்லாததால் அந்த இடம் வெறுமையாகிவிடும். கோப்பின் பெயர் இல்லாத எல்பி, யாராவது தட்டித் தருவார்கள் என்று காத்திருக்கும். கர்சர் மின்னிக்கொண்டே நிற்கும், தாள் வராது. பிரிண்டர் பழுது என்று நினைத்து கேபிளைக் கழற்றி மாட்டுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் குறியைத்தான்.

தாளில் முழுக் கறுப்பாக ஒரு கட்டம் வந்தால் காரணம் வேறு. ஸ்க்ராட் எக்ஸ்11 என்ற பழைய காட்சி அமைப்புக்காக எழுதப்பட்டது. வேலாண்ட் என்ற புதிய அமைப்பில் ஒரு நிரல் மற்றொரு நிரலின் சன்னலைப் பார்க்க அனுமதி இல்லை. மின்ட் இயல்பாக எக்ஸ்11-இல்தான் ஓடும், உபுண்டு 22.04 முதல் பெரும்பாலும் வேலாண்ட். "எக்கோ $எக்ஸ்டிஜி_செஷன்_டைப்" என்று கேட்டால் எது என்று சொல்லிவிடும். டாலர் குறிக்குப் பின்னால் வருவதெல்லாம் பெரிய எழுத்து. வேலாண்ட் என்று வந்தால், 25.10-க்கு முந்தைய உபுண்டுவில் வெளியேறி, கடவுச்சொல் கேட்கும் திரையின் மூலையில் உள்ள பற்சக்கரத்தில் "உபுண்டு ஆன் எக்ஸார்க்" என்பதைத் தேர்ந்து உள்ளே வாருங்கள்.

இனி பொடி எழுத்துக்கு வருவோம். பழைய கணினித் திரைகள் பலவும் 1366க்கு 768 பிக்சல். ஏ4 தாளை நிமிர்த்தி வைத்து இரு பக்கமும் 10 மி.மீ. ஓரம் விட்டால் அச்சுக்குக் கிடைப்பது 190 மி.மீ., அதாவது ஏறக்குறைய ஏழரை அங்குலம். 1366-ஐ அதற்குள் அடைத்தால் அங்குலத்துக்கு 182 பிக்சல். இணையப் பக்கத்தின் வழக்கமான எழுத்து 16 பிக்சல். தாளில் அது 6.3 பாயின்ட்டாகச் சுருங்கும். மருந்து அட்டையின் பின்புறம் இருக்கும் எழுத்து அளவு அது. திரை 1920 பிக்சல் அகலமானால் 4.5 பாயின்ட், கண்ணாடி போட்டாலும் சிரமம். எனவே முழுத் திரையை நிமிர்ந்த தாளில் அச்சிடாதீர்கள். -ஓ லேண்ட்ஸ்கேப் சேர்த்துத் தாளைப் படுக்க வைத்தால் 1366 திரையின் எழுத்து 9 பாயின்ட்டைத் தாண்டிவிடும், நன்றாகப் படிக்கலாம். அதைவிட நல்லது, பிடிப்பதற்கு முன் கன்ட்ரோலையும் கூட்டல் குறியையும் அழுத்திப் பக்கத்தை 150 விழுக்காடாகப் பெரிதாக்கி, தேவையான பகுதியை மட்டும் -எஸ் கொண்டு கட்டம் இழுப்பது. மேலே இருக்கும் முகவரிப் பட்டை, கீழே இருக்கும் கடிகாரம் எல்லாம் தாளுக்கு வர வேண்டியதில்லை.

சிறிய பகுதியைப் பிடிக்கும்போது இதற்கு நேர்மாறான தொல்லை. ஃபிட்-டு-பேஜ் என்பது தாள் நிறையும் வரை படத்தை இழுக்கும். நான்கு வரிப் பகுதி தாள் முழுக்கச் சுவரொட்டி போல விரியும். அதற்கு மாற்றைக் கீழே கட்டளைக் கோப்பில் தருகிறோம்.

சாம்பல் விஷயத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். லேசர் பிரிண்டரிடம் இருப்பது கறுப்புத் தூள் மட்டுமே. சாம்பல் வேண்டுமென்றால் கறும்புள்ளிகளை இடைவெளி விட்டுத் தூவி, கண்ணுக்குச் சாம்பல் போலக் காட்டும். பெரிய பரப்புக்கு இது சரி. மெல்லிய எழுத்துக்கு ஒத்துவராது. கோடு துண்டு துண்டாக உடையும். பக்கத்தின் பின்னணி வெளிர் நீலமாக இருந்தால் அங்கேயும் புள்ளி தூவி, எழுத்தும் பின்னணியும் கலந்துவிடும். தமிழுக்கு இதில் இழப்பு கூடுதல். மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி திரையிலேயே மூன்று நான்கு பிக்சல்தான், அதுவும் முழுக் கறுப்பாக இருக்காது. விளிம்பு மழுங்கத் தெரிவதற்காகச் சாம்பலில் வரையப்பட்டிருக்கும். அச்சில் முதலில் காணாமல் போவது அந்தப் புள்ளிதான். "மனைவி பெயர்" என்ற இடத்தில் "பெயர" என்று அச்சாகிறது. ண, ன இரண்டின் சுழிகளும் அடைத்துக்கொண்டு ஒன்றுபோல் தெரியும். பெயரில் ஓர் எழுத்து மாறியதால் திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பங்களை நீங்கள் அறிவீர்கள். அச்சுப் பிழையையும் எழுத்துப் பிழையையும் பிரித்துப் பார்க்க முடியாத தாளை யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னட, தெலுங்குப் பக்கங்களும் அச்சுக்கு வரும். வளைவு நிறைந்த அந்த எழுத்துகளுக்கும் இதே கவனம் தேவை.

மருந்து, படத்தை மூன்று மடங்கு பெரிதாக்கி, பிறகு ஒவ்வொரு பிக்சலையும் முழுக் கறுப்பு அல்லது முழு வெள்ளை என்று பிரித்துவிடுவது. வரிசை முக்கியம். பிரித்துவிட்டுப் பெரிதாக்கினால் எழுத்தின் ஓரம் படிக்கட்டு போலாகும். எங்கே பிரிக்க வேண்டும் என்பதற்கு விழுக்காடு கொடுக்க வேண்டும்; அதைவிட வெளிச்சமானதெல்லாம் வெள்ளையாகும், மற்றவை கறுப்பு. 50 கொடுத்தால் சாம்பல் நிறப் புள்ளிகள் வெள்ளைப் பக்கம் போய் மறையும். 72-இல் தொடங்குங்கள். வெளிர் நீலப் பின்னணி வெள்ளையாகிவிடும், புள்ளி கறுப்பாகத் தங்கும். எழுத்து தடித்துச் சுழி அடைத்தால் 65-க்கு இறக்குங்கள்.

இவற்றையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி, "படம்" என்ற ஒலியில் ஆங்கில எழுத்தில் பெயரிட்டு, வீட்டு அடைவில் (ஹோம்) வையுங்கள்:

ஸ்லீப் 0.2
ஆர்எம் -எஃப் /டிஎம்பி/பி.பிஎன்ஜி
ஸ்க்ராட் -எஸ் /டிஎம்பி/பி.பிஎன்ஜி
கன்வெர்ட் /டிஎம்பி/பி.பிஎன்ஜி -ரீசைஸ் 300% -கலர்ஸ்பேஸ் கிரே -த்ரெஷோல்ட் 72% /டிஎம்பி/கியூ.பிஎன்ஜி
எல்பி -ஓ பிபிஐ=400 /டிஎம்பி/கியூ.பிஎன்ஜி
ஆர்எம் -எஃப் /டிஎம்பி/பி.பிஎன்ஜி /டிஎம்பி/கியூ.பிஎன்ஜி

பிபிஐ=400, அதாவது அங்குலத்துக்கு 400 பிக்சல் என்பதுதான் முன்னே சொன்ன மாற்று. பகுதி சிறிதோ பெரிதோ, 16 பிக்சல் எழுத்து எப்போதும் 8.6 பாயின்ட்டில் விழும். ஒரு வரம்பு உண்டு: நீங்கள் இழுக்கும் கட்டத்தின் அகலம் ஏறக்குறைய 1000 பிக்சலைத் தாண்டினால் மிச்சம் அடுத்த தாளுக்குப் போகும். அகலமான அட்டவணை வந்தால் மட்டும் ஃபிட்-டு-பேஜ், லேண்ட்ஸ்கேப் இரண்டையும் போட்ட வேறொரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். இமேஜ்மேஜிக்கின் ஏழாம் பதிப்பு இருந்தால் கன்வெர்ட் என்ற இடத்தில் மேஜிக். கோப்பு நீட்டிப்பு பிஎன்ஜி-யாகவே இருக்கட்டும். ஜேபெக் எழுத்தைச் சுற்றி மெல்லிய அழுக்கு விடும், 72-இல் பிரிக்கும்போது அதில் கொஞ்சம் கறுப்பாகித் தாளில் தூசி போல் விழும்.

முதல் வரியில் 0.2 நொடி காத்திருப்பது எதற்கு என்று தோன்றலாம். இந்தக் கோப்பை ஒரு விசைக்கு இணைத்தால், நீங்கள் விரலை எடுப்பதற்குள் ஸ்க்ராட் விசைப்பலகையைப் பிடிக்கப் பார்த்து, முடியாமல் வெளியேறிவிடும். டெர்மினலில் வேலை செய்தது, விசையில் வேலை செய்யவில்லை என்ற குறைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மின்ட்டின் அமைப்புகளில் கீபோர்டு, ஷார்ட்கட்ஸ் போய், "ஷ்" என்ற கட்டளைக்குப் பின் கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்துப் புதிய குறுக்குவழி சேருங்கள். ஷ் என்பது எஸ், எச். பாஸ் விசை பெரும்பாலும் எதற்கும் பயன்படாமல் கிடக்கும், அது வசதி.

விண்ணப்பதாரரின் புகைப்படம் உள்ள திரைக்கு இந்தக் கறுப்பு வெள்ளைப் பிரிப்பு கூடாது, முகம் மசிக்கறையாகும். அங்கே கன்வெர்ட் வரியில் "-த்ரெஷோல்ட் 72%" என்ற பகுதியை மட்டும் எடுத்துவிடுங்கள். மாறாக, கியூஆர் கட்டத்துக்கு இந்தப் பிரிப்பு நல்லது, ஸ்கேனர் உடனே படிக்கும். பின்னணி முழுக் கறுப்பான திரையென்றால் அதே கன்வெர்ட் வரியில் -நெகேட் சேர்த்து நிறத்தைப் புரட்டுங்கள். இல்லையென்றால் டோனர் வீணாகும்.

ஒப்புகைச் சீட்டைப் பிடிஎஃப்-ஆகத் தரும் தளங்களில் ஸ்கிரீன்ஷாட்டே வேண்டாம். இறக்கி, எல்பி என்று தட்டிக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும்; பிடிஎஃப்-இல் எழுத்து எழுத்தாகவே இருப்பதால் எந்த அளவிலும் கூர்மை குறையாது. ஸ்கிரீன்ஷாட் என்பது எண்ணையும் தேதியையும் கையில் வைத்துக்கொள்ளத்தான், சான்றிதழுக்கு மாற்று அல்ல என்பதை வாங்குபவரிடமும் சொல்லிவிடுங்கள்.

அச்சு நடுவில் மின்சாரம் போனால் வேலை அழிவதில்லை, வரிசையில் காத்திருக்கும். தாள் வரவில்லையே என்று நான்கு முறை விசையை அழுத்தியிருந்தால் மின்சாரம் வந்ததும் நான்கும் வரும். அழுத்துவதற்கு முன் "எல்பிஸ்டாட் -ஓ" பாருங்கள். சில சமயம் பிரிண்டர் திரும்ப உயிர் பெற்றும் வரிசை நகராது. கேபிள் அறுந்தாலோ தாள் சிக்கினாலோ கப்ஸ் அந்த பிரிண்டரை நிறுத்திவைத்துவிடுவதுண்டு. "சுடோ கப்ஸ்எனேபிள்" என்று தட்டி பிரிண்டரின் பெயரைக் கொடுத்தால் ஓடத் தொடங்கும்.

கடைசியாக, ஆதார் எண் தெரியும் திரைகள். மேலே உள்ள கோப்பின் கடைசி வரி படங்களை அழித்துவிடுகிறது. எல்பி தன் பிரதியை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பதால் அச்சு கெடாது. ஆனால் அந்தப் பிரதி கப்ஸிடம் இருக்கிறது. அச்சான வேலையின் கோப்பை அது இயல்பாக 86,400 நொடி, அதாவது ஒரு நாள் முழுக்க வைத்திருக்கும். கணினியில் உட்காருபவர் அதை மறுபடி அச்சிட்டுக்கொள்ளலாம். இரவு கடையைச் சாத்தும் முன் "கேன்சல் -ஏ -எக்ஸ்" என்று ஒரு முறை தட்டுங்கள். வரிசையில் இருப்பதோடு, வைத்திருக்கும் கோப்புகளும் போய்விடும்.