போத்தலின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: அம்மா மலையில் கொழுந்து பறிக்கிறார். முழங்கால் வலி பல வருஷமாக இருக்கிறது. சீனி வருத்தத்துக்கும் மாத்திரை எடுக்கிறார். போன சம்பள நாளன்று லயத்துக்கு வந்த ஒருவரிடம் 6,500 ரூபாய்க்கு 'குர்குமின்' கேப்சூல் போத்தல் வாங்கினோம். பின்பக்கத்தில் '60 கேப்சூல். ஒன்றில் மஞ்சள் தூள் 500 மி.கி., மிளகுத் தூள் 5 மி.கி.' என்று இருக்கிறது. மூட்டு வீக்கத்தை அடியோடு எடுக்கும் என்றார். அடுத்த சம்பளத்துக்கும் வருவாராம். இன்னொன்று வாங்கலாமா?
- வாசகி, தலவாக்கலை

பதில்: வேண்டாம், தங்கச்சி. பின்பக்கத்தை எழுதி அனுப்பினீர்களே, விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

முன்பக்கம் குர்குமின், பின்பக்கம் மஞ்சள் தூள். இரண்டும் ஒன்றல்ல. வீக்கத்தைத் தணிக்கும் என்று பேசப்படும் குர்குமின், மஞ்சளில் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பங்குதான். அப்படியானால் 500 மி.கி. தூளில் கிடைப்பது சுமார் 15 மி.கி. முழங்கால் தேய்மானத்துக்கு வலி ஓரளவு குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகளில் பெரும்பாலும் நாளுக்கு 500 மி.கி. குர்குமினும் அதற்கு மேலும் கொடுத்திருக்கிறார்கள். அவையும் சிறிய, குறுகிய கால ஆய்வுகள்தான். 'அடியோடு எடுக்கும்' என்று எதுவும் சொல்லவில்லை.

இன்னொரு கணக்கும் போடுங்கள். 60 கேப்சூலையும் உடைத்துக் கொட்டினால் 30 கிராம் மஞ்சள். கடையில் 50 கிராம் பக்கட் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

மிளகு சேர்த்தால் குர்குமின் நன்றாகச் சேரும் என்பது முழுப் பொய் இல்லை. குர்குமின் உடம்பில் லேசில் சேராது. 1998-ல் பெங்களூரில் செய்த ஓர் ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மி.கி. கொடுத்தபோது இரத்தத்தில் சேர்ந்த அளவு பல மடங்கு கூடியது. உங்கள் கேப்சூலில் 5 மி.கி. மிளகுத் தூள், அதில் பைப்பரின் அரை மி.கி. கூட வராது. பெயருக்குத்தான்.

சரி, 95 சதவீதம் குர்குமின் என்று போட்ட உண்மையான செறிவு மாத்திரையை வாங்கலாமா? அங்கே கவலை வேறு. பைப்பரின் சேர்ந்த வலுவான மாத்திரைகளால் ஈரல் பாதிக்கப்பட்ட சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் பித்தப்பைக் கல் உள்ளவர்களுக்கும் அது ஆகாது. சீனி மாத்திரையோடு சேர்ந்தால் சீனி அளவு மேலும் இறங்கலாம். அம்மாவுக்கு கிளினிக் இருக்கும்தானே, அங்கே டொக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம். கறியில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் இல்லை.

அந்த மஞ்சளையும் கட்டியாக வாங்கி மில்லில் அரைத்துக்கொள்வது நல்லது. 2020-ல் இறக்குமதி தடைப்பட்டு விலை ஏறியபோது மாவு கலந்த தூள் எவ்வளவு ஓடியது என்பது நினைவிருக்கும்.

கொடுத்த காசு? அவர் பில் தந்திருந்தால் பத்திரமாக வையுங்கள். தராவிட்டாலும் போத்தலை எறியாதீர்கள். அதில் தயாரிப்பாளர் முகவரி, பதிவு இலக்கம், அதிகபட்ச சில்லறை விலை இருக்கிறதா பாருங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறைப்பாடு செய்யலாம். அடுத்த சம்பளத்துக்கு ஆள் வரும்போது அந்த இலக்கத்தைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பக்கத்து லயத்துக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வல்லாரைத் தூள் பக்கட் நல்லதா, சந்தையில் கட்டாக வாங்குவது நல்லதா?
- வாசகர், பண்டாரவளை

பதில்: கட்டுதான். வல்லாரையில் ஆசியாட்டிகோசைட் போன்ற வீக்கம் தணிக்கும் பொருட்கள் உண்டு. தூளில் அவை எவ்வளவு மிஞ்சின என்று பக்கட்டில் யாரும் எழுதுவதில்லை. விலையும் அதிகம். ஒன்று மட்டும்: ஈரமான நிலத்தில், சில நேரம் கான் ஓரத்திலும் வளர்கிற கீரை இது. சம்பலுக்குப் பச்சையாக அரிவதால், வேரை வெட்டிவிட்டு மூன்று நான்கு தண்ணீரில் அலசுங்கள்.