பழைய கிராபிக்ஸ் கார்டு: ரிப்பேரா, புதுசா?

கேள்வி: என்கிட்ட இருக்கிறது ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி, 2017ல வாங்கினது. ரெண்டு மாசமா கேம் ஆரம்பிச்சு பத்து பதினஞ்சு நிமிஷத்துல ஃபேன் கத்த ஆரம்பிக்குது, அப்புறம் ஸ்கிரீன் கறுப்பாயிடுது, சில நேரம் பிசியே ரீஸ்டார்ட் ஆகுது. பிரவுசிங், படம் பாக்கிறதுக்கெல்லாம் ஒரு பிரச்சனையும் இல்ல. சர்வீஸ் கடையில கார்டை கழட்டிக்கூட பாக்கல, "சிப் போயிடுச்சு, ரீபால் பண்ணணும், இல்லன்னா புதுசு வாங்குங்க"ன்னுட்டாங்க. ப்ராசஸர் 7வது ஜெனரேஷன் ஐ5, நாலு கோர். என்ன பண்றது?

பதில்: ரீபாலுக்கு (சிப்பை கழட்டி, அடியில இருக்கிற சால்டர் உருண்டைகளை புதுசா வெச்சு திரும்ப ஒட்டுறது) மட்டும் இப்போதைக்கு ஒத்துக்காதீங்க. சிப்போ மெமரியோ போன கார்டு பெரும்பாலும் பிசி ஆன் பண்ணி முதல்ல வர்ற பயாஸ் ஸ்கிரீன்லயே கோடு கோடா, கட்டம் கட்டமா, கலர் புள்ளியா காட்டிடும், இல்லன்னா டிரைவர் ஏத்தினதும் தொங்கிடும். உங்களுக்கு அப்படி எதுவும் இல்ல, லோடு ஏறி சூடானப்புறம் தான் வருது, அதனால என் சந்தேகம் ரெண்டே ரெண்டு பேர் மேல தான், ஒண்ணு கூலிங், இன்னொண்ணு எஸ்எம்பிஎஸ், அதாவது பிசிக்கு கரண்ட் குடுக்கிற பவர் சப்ளை பெட்டி.

எதுன்னு கண்டுபிடிக்க காசு எதுவும் செலவாகாது. சூட்டை அளந்து காட்டுற ஹெச்டபிள்யூஇன்ஃபோங்கிற சாஃப்ட்வேரை போட்டு ஓரமா திறந்து வெச்சுட்டு கேம் ஆடுங்க. இந்த கார்டு டீஃபால்ட்டா 83 டிகிரிக்கு மேல போகாம இருக்க தானே ஸ்பீடை குறைச்சுக்கும், ஃபேன் முழு வேகத்துல சுத்தியும் அதையும் தாண்டி 90 பக்கம் போகுதுன்னா சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் (சூட்டை வெளியே கடத்துற உலோகத் தகடு) நடுவுல இருக்கிற பேஸ்ட் காஞ்சுபோச்சு, இல்ல ஹீட்சிங்க் தூசியால அடைச்சிருக்குன்னு அர்த்தம். சூடு 70 டிகிரியிலயே இருக்கு ஆனா பிசி ரீஸ்டார்ட் ஆகுதுன்னா எஸ்எம்பிஎஸ்ஸை பாருங்க. அடுத்ததா ஆஃப்டர்பர்னர்ங்கிற, கார்டோட செட்டிங்கை மாத்துற சாஃப்ட்வேர்ல பவர் லிமிட்டை 65 சதவீதத்துக்கு இறக்கிட்டு அதே கேமை ஒரு மணி நேரம் ஆடுங்க, அப்ப ஒழுங்கா ஓடுச்சுன்னா சிப் நல்லா இருக்கத் தான் வாய்ப்பு அதிகம். 1060 எடுக்கிறதே 120 வாட் தான், ஆனா ஏழெட்டு வருஷம் ஓடின எஸ்எம்பிஎஸ்ஸோட கெப்பாசிட்டர் தளர்ந்திருந்தா திடீர்னு ஏறுற லோடை அதால தாங்க முடியாது. தெரிஞ்சவங்ககிட்ட ஒண்ணு வாங்கி மாட்டிப் பாருங்க, ஆனா மாடுலர் டைப்பா (கேபிளை தனியா கழட்டி மாட்டுற மாதிரி) இருந்தா அதோட கேபிளையே போடுங்க, உங்க பழைய கேபிளை அதுல சொருகாதீங்க, எஸ்எம்பிஎஸ் பக்கத்து பின் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி, மாத்தி மாட்டி போர்டே எரிஞ்சவங்க இருக்காங்க.

கூலிங் தான்னா அது நீங்களே செய்யக்கூடிய வேலை. வாரண்டியும் எப்பவோ முடிஞ்சிருக்கும், பயப்படாம கழட்டலாம். பின்னாடி சிப்பை சுத்தி இருக்கிற ஸ்பிரிங் வெச்ச நாலு ஸ்க்ரூவை குறுக்குக் குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா தளர்த்துங்க, ஹீட்சிங்க்கை வெடுக்குன்னு இழுக்காதீங்க, ஃபேன் வயர் போர்டோட ஒட்டிட்டு இருக்கும். பழைய பேஸ்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல துடைச்சு புதுசு வைங்க. மெமரி மேல இருக்கிற தெர்மல் பேட் (சூட்டை கடத்துற மெத்துன்னு இருக்கிற பட்டை) கிழிஞ்சா அதே தடிமன்ல தான் வாங்கணும், இது ரொம்ப முக்கியம், அரை மில்லிமீட்டர் தடிச்சுப்போனாக்கூட ஹீட்சிங்க் சிப் மேல சரியா உக்காராது, அப்புறம் முன்னாடிய விட அதிகமா சூடாகும். தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கோங்க. ஃபேன்ல கரகரன்னு சத்தம் வந்தா பேரிங் தேஞ்சிருக்கு, ஃபேனுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கிற மாடல் நம்பரை வெச்சு அதை மட்டும் தனியா வாங்கலாம்.

ரீபால் விஷயத்துக்கு வரேன், ஏன்னா இதுல ஏமாந்தவங்க நிறைய, நானும் ஏமாந்திருக்கேன். பல இடத்துல ரீபால்னு சொல்லி செய்யறது ஹீட் கன்ல சூடு காட்டுறது மட்டும் தான். ஈயம் இல்லாத சால்டர் உருக 217 டிகிரி வேணும், அதுவும் பல கார்டுல பழுது போர்டுக்கும் சிப்புக்கும் நடுவுல இருக்கிற சால்டர்லயே இல்ல, சிப்போட உள்பக்க இணைப்புல இருக்கு. சூடு பட்டதும் அது தற்காலிகமா ஒட்டிக்கும், டெஸ்ட் பண்ணா படம் வரும், காசு வாங்கிடுவாங்க, ரெண்டு மூணு வாரத்துல திரும்ப அதே கதி. என் பழைய கார்டு ஒண்ணு பதினெட்டாவது நாள் நின்னுச்சு. கார்டை ஓவன்ல வெச்சு சுடுறதும் இதே கதை தான், கூடவே விஷப்புகை வேற, சமையலுக்கு யூஸ் பண்ற ஓவன்ல தயவுசெஞ்சு வைக்காதீங்க. நிஜமான ரிப்பேரும் இருக்கு, ஷார்ட் ஆன மாஸ்ஃபெட்டை (கரண்டை கட்டுப்படுத்துற சின்ன பார்ட்) மாத்துறது, போன மெமரி சிப் எதுன்னு டெஸ்ட் பண்ணி அதை மட்டும் மாத்துறது எல்லாம் நல்ல வேலை தான். அதனால கடையில "எந்த பார்ட்டை மாத்துவீங்க, எத்தனை மாசம் கேரண்டி"ன்னு கேளுங்க, பதில் வரலன்னா கார்டை வாங்கிட்டு வந்துடுங்க.

புதுசு வாங்குற கேள்விக்கு, உங்க கார்டுக்கு ஒரு எல்லை வந்தாச்சு. உங்க 1060 சேர்ந்த 10 சீரிஸுக்கு, அதை தயாரிக்கிற என்விடியா கம்பெனி புது கேம் டிரைவர் குடுக்கிறதை 2025 அக்டோபரோட நிறுத்திட்டாங்க, 2028 அக்டோபர் வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் மட்டும் வரும். ரே ட்ரேசிங் (வெளிச்சம், நிழலை நிஜம் மாதிரி கணக்கு போட்டு காட்டுறது) ஹார்டுவேர் இல்லன்னா திறக்கவே மாட்டேங்கிற கேமும் வந்துடுச்சு. அதனால பேஸ்ட், பேட், ஃபேன் வரைக்கும் செலவு பண்ணலாம், அதுக்கு மேல போகுதுன்னா, அதாவது இதே கார்டோட செகண்ட்ஹேண்ட் விலையில மூணுல ஒரு பங்கை தாண்டுச்சுன்னா விட்டுடுங்க, இது என் கணக்கு. பழைய கேமே போதும்னா இந்த கார்டு இன்னும் ஓடும்.

புதுசுக்கு போனீங்கன்னா உங்க நாலு கோர் ப்ராசஸரையும் சேர்த்து யோசிங்க, ரொம்ப பெரிய கார்டு போட்டா ப்ராசஸர் ஈடு குடுக்காது, காசு வீண். இன்டெல் ஆர்க் கார்டு உங்களுக்கு வேண்டாம், ரீசைசபிள் பார் (ப்ராசஸர் கார்டோட மெமரி முழுசையும் ஒரே தடவையில அணுக விடுற வசதி) இல்லாத, உங்களோடது மாதிரி பழைய போர்டுல அதோட வேகம் நல்லாவே அடிவாங்கும். ஆர்டிஎக்ஸ் 4060 எடுக்கிறது 115 வாட் தான், உங்க எஸ்எம்பிஎஸ் நல்லா இருந்தா தாங்கும், ஆனா கார்டுல இருக்கிறது 8 பின் கனெக்டர், உங்க எஸ்எம்பிஎஸ்ல அதுக்கான கேபிள் இருக்கான்னும், கேஸ்ல நீளம் பத்துமான்னும் அளந்துட்டு வாங்குங்க.

கேள்வி: செகண்ட்ஹேண்ட்ல ஆர்எக்ஸ் 580 8 ஜிபி ஒண்ணு ரொம்ப கம்மி விலைக்கு வருது, வாங்கலாமா?

பதில்: வேண்டாம்னு தான் சொல்வேன், அதுவும் 2017 கார்டு தான், ரே ட்ரேசிங்கும் கிடையாது. கண்டிப்பா வாங்கணும்னா கார்டோட விவரத்தை காட்டுற ஜிபியு-இசட்ங்கிற சாஃப்ட்வேர்ல ஷேடர் (சிப்புக்குள்ள இருக்கிற சின்ன கணக்கு யூனிட்) எண்ணிக்கையை பாருங்க, ஒரிஜினல் 580ல 2304 இருக்கும், 2048ன்னு காட்டினா அது 580 பேர்லயே விக்கிற குறைஞ்ச வெர்ஷன்.  ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீங்க, உங்க கண்ணு முன்னாடி அரை மணி நேரம் ஃபுல் லோடுல ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, அதுக்கு ஒத்துக்காதவர்கிட்ட வாங்காதீங்க.