பட்டன் ஸ்டார்ட் மாட்டும் முன்: இரண்டாவது சாவி எங்கே போகிறது?

கேள்வி: எங்கள் கார் 2009 மாடல். பெட்ரோல், கை கியர். அப்பாவுக்கு விரல் மூட்டு வலி, சாவியைத் திருப்ப ரொம்பவே சிரமப்படுகிறார். கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கிற, பட்டனை அழுத்தினால் வண்டி கிளம்புகிற கிட் ஒன்றை மாட்டித் தருவதாக ஆக்சஸரீஸ் கடைக்காரர் சொல்கிறார். இரண்டு சாவியையும் கேட்கிறார், ஒன்றை வெட்ட வேண்டுமாம். பழைய வண்டிக்கு இதனால் ஏதும் ஆகிவிடுமா?

பதில்: ஒழுங்காக மாட்டினால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. எனக்கு உறுத்துவது அந்த 'இரண்டு சாவியையும்' என்ற வார்த்தை. அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

உங்கள் சாவி மூன்று வேலை செய்கிறது. இக்னிஷன் சுவிட்சைத் திருப்பி ஒயர்களுக்குக் கரண்ட் விடுகிறது. ஸ்டியரிங் தண்டின் பள்ளத்தில் விழுந்திருக்கும் பூட்டு ஊசியை இழுத்து விடுவிக்கிறது. மூன்றாவதாக, சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் பெரும்பாலும் ஒரு சிப் இருக்கும். அது 'நான்தான்' என்று சொன்னால்தான் இம்மொபிலைசர் என்கிற திருட்டுத் தடுப்புக் கருவி என்ஜினை ஓட விடும். நீங்கள் வாங்கப்போகும் பட்டனுக்கு முதல் வேலை மட்டும்தான் தெரியும். மற்ற இரண்டையும் ஏமாற்றியாக வேண்டும். அதற்குத்தான் இரண்டு சாவி.

சிப்பை ஏமாற்றுவது இப்படி. உங்கள் டூப்ளிகேட் சாவியை ஒரு சின்னக் கறுப்புப் பெட்டிக்குள் போட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் ஒளித்து வைப்பார்கள். பெட்டியிலிருந்து ஒரு காயில், அதாவது சுற்றிய ஒயர் வளையம், இக்னிஷன் பூட்டின் வாய் வரை வரும். நல்ல பெட்டியில் ரிலே, அதாவது கரண்டால் இயங்கும் சுவிட்ச், உண்டு. ரிமோட்டை அடையாளம் கண்ட பிறகுதான் காயில் இணைப்பு பெறும், மற்ற நேரத்தில் சிப் ஊமை. நான் வண்டிகளில் அடிக்கடி பார்ப்பது வேறு. போன மாதம் வந்த ஒரு வண்டியில் பெடலுக்கு மேலே கையை விட்டேன். சாவித் தலையை அப்படியே பூட்டோடு சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தார்கள். டேப்பின் பசை உருகி விரலில் ஒட்டியது. அந்த வண்டிக்கு இம்மொபிலைசர் செத்து எத்தனை நாளோ! உரிமையாளருக்கு அது தெரியவே தெரியாது.

உங்கள் சாவியைக் கொடுக்காதீர்கள். பல் வெட்டாத ஒரு வெற்றுச் சாவிக்கு சிப் மட்டும் பதிவுசெய்து வாங்கிக் கொடுங்கள். அது களவு போனாலும் கதவைத் திறக்காது. சுலபமான விஷயம். ஆனால் பதிவுசெய்யக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனால் அசல் பத்திரம், அடையாள அட்டை, முன்பணம், அப்புறம் வாரக்கணக்கில் காத்திருப்பு. சொந்த வண்டிக்குச் சாவி வாங்கத் திருடனைப் போல விசாரணை. மக்கள் ஏன் கடைக்காரரிடம் ஓடுகிறார்கள் என்று கம்பெனிகள் ஒருநாளாவது யோசித்தால் நல்லது.

இனி ஸ்டியரிங் லாக். வெட்டிய சாவித் துண்டைப் பூட்டுக்குள் சொருகி, திருப்பிய நிலையிலேயே விட்டுவிடுவார்கள். ஊசி வெளியே இழுபட்டு நிற்கும். அந்தத் துண்டு குலுங்கிக் குலுங்கித் தளர்ந்து வெளியே வந்தால் என்ன ஆகும்? ஊசிக்குப் பின்னால் ஸ்பிரிங் இருக்கிறது. வண்டி வளைவில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டியரிங் இறுகிவிட்டால் அதற்கப்புறம் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. என் கணக்கு இதுதான்: பூட்டைத் தொடாமல் விடுங்கள், அல்லது ஊசியையும் ஸ்பிரிங்கையும் முழுதாகக் கழற்றி உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு வழி கிடையாது. கழற்றினால் இன்சூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, தனியாக ஒரு கியர் லாக்கும் மாட்டுங்கள்.

கை கியர் வண்டி என்பதால் ஒன்றைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். இந்தக் கிட்களோடு 'தூரத்திலிருந்தே ஸ்டார்ட்' வசதியும் இலவசம் போல ஒட்டிக்கொண்டு வரும். ஆட்டோமேட்டிக் வண்டியில் பார்க், நியூட்ரல் தவிர வேறு நிலையில் செல்ஃப் (என்ஜினைக் கிளப்பும் மோட்டார்) சுற்றாது. உங்கள் வண்டிக்கு அந்தக் காவல் கிடையாது. சரிவில் நிறுத்தும்போது முதல் கியரில் போட்டுவிட்டு இறங்குவது நல்ல பழக்கம். அதே பழக்கத்தோடு வாசலில் நின்று ரிமோட்டை அமுக்கினால் ஆளில்லாத வண்டி முன்னால் பாயும். 'ஹேண்ட்பிரேக் ஒயரை இணைத்திருக்கிறேன்' என்பார்கள். ஹேண்ட்பிரேக் விளக்கு எரிவதற்கும் கியர் நியூட்ரலில் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. 'பிரேக்கை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும்' என்பதும் பாதி பதில்தான், கியரில் இருந்தால் பிரேக்கை மீறி ஒரு துள்ளு துள்ளும். கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச் வைத்து, கிளட்சை முழுதாக மிதித்தால் மட்டுமே செல்ஃபுக்குக் கரண்ட் போகும்படி செய்யச் சொல்லுங்கள். தூர ஸ்டார்ட் ஒயரை வெட்டி டேப் அடித்துவிடச் சொல்லுங்கள். 'எல்லோரும் வைத்திருக்கிறார்களே சார்' என்று சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

ஒயரிங் பற்றி நீங்கள் பார்க்கக்கூடியது கொஞ்சம்தான். கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் வேண்டாம், சோல்டர் செய்து (ஈயம் உருக்கி ஒட்டி) மேலே சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஷ்ரிங்க் ட்யூப் போட வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் ஒயரில் தொடக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். ஸ்டியரிங்குக்கு அடியில் மஞ்சள் உறை போட்ட ஒயர் இருந்தால் அது ஏர்பேக்குடையது. அதில் டெஸ்ட் லாம்ப் வைப்பவரை உடனே நிறுத்துங்கள். ஓடும்போது பட்டனை ஒருமுறை தெரியாமல் தட்டினால் என்ஜின் நின்றுவிடுகிறதா என்று காலி மைதானத்தில் சோதியுங்கள். நின்றால் அந்தக் கிட் வேண்டாம். வண்டியை அணைத்துப் பூட்டி அரை மணி நேரம் கழித்து பேட்டரியில் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். கிட் மட்டும் 20 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு அரை ஆம்பியர் மணிக்குச் சற்றுக் குறைவு. ஒரு மாதம் ஓடாமல் நின்றால் 14 தாண்டிவிடும். 35 ஆம்பியர் மணி பேட்டரியில் அது சின்ன ஓட்டை இல்லை. பேட்டரி இறங்கினால் ரிமோட் கதவைத் திறக்காது, அதனால் பல் வெட்டிய அசல் சாவி பர்ஸில் இருக்கட்டும்.

இவ்வளவு சொன்னேன். அப்பாவுக்கு நிஜமாகவே பட்டன் வேண்டுமா? கதவுக்கு மட்டும் ரிமோட் மாட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, அதற்கு சாவி வெட்ட வேண்டிய வேலையும் இல்லை. சாவி திரும்ப மறுப்பதற்குப் பாதி நேரம் காரணம் விரல் இல்லை. சக்கரத்தை ஒடித்து நிறுத்தியிருந்தால் பூட்டு ஊசி பள்ளத்தின் சுவரில் அழுந்தி நிற்கும், நல்ல கைக்கே திரும்பாது. இடது கையால் ஸ்டியரிங்கை லேசாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிக்கொண்டே வலது கையால் திருப்பச் சொல்லுங்கள், வெண்ணெய் போலத் திரும்பும். அப்படியும் இறுக்கம் என்றால் பூட்டுக்குள் கிராஃபைட் தூள் ஊதுங்கள். எண்ணெய் விடாதீர்கள், தூசியைச் சேர்த்துக் களிமண்ணாக்கிவிடும். சாவித் தலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பிடி மாட்டினால் விரல் நுனிக்குப் பதில் மணிக்கட்டே திருப்பிவிடும். இரண்டு வாரம் இப்படி ஓட்டிப் பார்க்கட்டும். அதற்கப்புறமும் அப்பா பட்டன் கேட்டால், கிளட்ச் சுவிட்சோடு கடைக்குப் போங்கள்.